பள்ளிக்கூட வாசலில் மஞ்சள் கோடு! காவலுக்கு பையன்களும் வேண்டும்

-நமது நிருபர்-

சாயங்காலம் 4 மணி 10 நிமிடம்.

பள்ளிக்கூடத்தில் நீள மணி அடித்தது. கேட் திறந்ததும் பிள்ளைகள் திமுதிமு என்று வெளியே வந்தார்கள். சிலர் சைக்கிளைத் தேடி ஓடினார்கள். சிலர் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். இரண்டு பேர் மட்டும் தெருமுனை பெட்டிக்கடைப் பக்கம் ஒதுங்கினார்கள்.

கடையில் வாழைத்தார் தொங்கியது. பாட்டிலில் கடலை மிட்டாய் இருந்தது. பையன் ஒன்றும் பேசவில்லை. காசை நீட்டினான். கடைக்காரரும் ஒன்றும் பேசவில்லை. பலகைக்கு அடியில் கை போனது, வந்தது. வேலை முடிந்தது.

மொத்தம் பத்து வினாடிகூட ஆகவில்லை!

இது எந்தத் தெரு என்று கேட்காதீர்கள். ஆபீஸ் விட்டு பஸ்சில் வரும் நீங்களும் இதைப் பார்த்திருப்பீர்கள். பார்த்தும் பாராதவர்போல் போயிருப்பீர்கள். நானும் அப்படிப் போனவன்தான்.

ஆனால் அந்தப் பத்து வினாடியில் இரண்டு சட்டங்கள் மீறப்படுகின்றன. அதன் விவரம் வருமாறு:-

100 கெஜம்

சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம் 2003-ம் ஆண்டு வந்தது. அதன் 6-வது பிரிவு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது.

18 வயது நிரம்பாதவருக்கு சிகரெட், பீடி, புகையிலை எதையும் விற்கக்கூடாது. இது ஒன்று.

பள்ளிக்கூடம், காலேஜ் ஆகியவற்றைச் சுற்றி 100 கெஜ தூரத்துக்குள் யாருக்குமே விற்கக்கூடாது. இது இரண்டாவது.

100 கெஜம் என்றால் 300 அடி. மீட்டர் கணக்கில் 91 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பெரியவர் ஒருவர் நடந்தால் ஏறக்குறைய 120 எட்டு.

எங்கிருந்து அளப்பது? இதில்தான் பல பேர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். முன்வாசல் கேட்டிலிருந்து அளக்கக்கூடாது. காம்பவுண்டு சுவரின் வெளி ஓரத்திலிருந்து, நாலு பக்கமும் அளக்க வேண்டும். ஆகவே பின்பக்கச் சந்தில், ஏறிக் குதிக்கிற குட்டைச் சுவருக்கு எதிரே இருக்கும் கடையும் கணக்கில் வரும்.

மீறினால் அபராதம் 200 ரூபாய் வரை.

"பூ, இவ்வளவுதானா!" என்று சிரிக்க வேண்டாம். அடுத்த சட்டம் காத்திருக்கிறது. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவுப்படி, சிறுவர்களுக்கு மதுவோ, போதைப் பொருளோ, புகையிலையோ கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல். ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்!

போதைச் சரக்கைக் கொண்டுபோய்க் கொடுக்க பையன்களைப் பயன்படுத்தினாலும் அதே அளவு தண்டனை என்கிறது அடுத்த பிரிவு.

குட்கா, பான் மசாலாவுக்கோ கெஜக் கணக்கே கிடையாது. 2013-ம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் அவற்றுக்குத் தடை போட்டு, அந்தத் தடையை நீட்டித்து வருகிறார்கள். பேட்டரியில் ஓடும் இ-சிகரெட்டுக்கு 2019 முதல் நாடு முழுவதும் தடை.

சட்டம் இருக்கிறது. போர்டு இருக்கிறது. அப்புறம் ஏன் பலகைக்கு அடியில் கை போகிறது?

பத்து வயதில்!

முதலில் ஒரு புள்ளிவிவரம். பயப்பட வேண்டாம், சின்னக் கணக்குதான்.

2019-ம் ஆண்டு இந்தியா முழுவதும் 13 வயது முதல் 15 வயது வரை உள்ள பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு ஆய்வு நடந்தது. 100-க்கு எட்டரை பேர் ஏதாவது ஒரு வகையில் புகையிலையைத் தொடுகிறார்கள் என்று தெரிந்தது. 60 பேர் உட்காரும் வகுப்பு என்றால் ஐந்து பேர்!

எப்போது ஆரம்பிக்கிறார்கள்? சிகரெட் தொட்டவர்களில் பாதிப் பேர் பதினொன்றரை வயதுக்குள் தொட்டிருக்கிறார்கள். பீடி என்றால் பத்தரை. மெல்லும் புகையிலை என்றால் பத்து வயதுகூட ஆகவில்லை.

பத்து வயது என்றால் ஐந்தாம் வகுப்பு. பல் விழுந்து முளைத்து முடியாத வயது.

"காலேஜ் போனால் பையன் கெட்டுப் போவான்" என்று கவலைப்படுகிற அப்பாக்கள் ஏழு வருஷம் தாமதமாகக் கவலைப்படுகிறார்கள்.

எங்களுக்குத் தெரியும்

என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பதினோரு வயது இருக்கும். பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "டேய் தம்பி, கடைக்கு ஓடிப்போய் ஒரு கட்டு பீடி வாங்கிட்டு வா. மீதிச் சில்லறையை நீயே வச்சுக்க" என்பார். நானும் ஓடுவேன். மீதிச் சில்லறை முக்கியம் ஆயிற்றே! கடைக்காரர் ஒருநாளும் "யாருக்குடா?" என்று கேட்டதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் பாக்குப் பொட்டலம் போட ஆரம்பித்தான். பொடியும் புகையிலையும் கலந்தது. "மத்தியானம் சாப்பாடு இல்லடா. இதைப் போட்டா பசி தெரியாது" என்று சொன்னான். எந்தக் கடை, எத்தனை மணிக்கு, எந்தச் சுவருக்குப் பின்னால் என்று எங்கள் வகுப்பில் 50 பேருக்கும் தெரியும். வாத்தியாருக்குத் தெரியாது. அவன் வீட்டுக்குத் தெரியாது. போலீசுக்கும் தெரியாது.

யாராவது எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். யாரும் கேட்கவில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை எங்களை வெயிலில் நிறுத்தி, கையில் அட்டை கொடுத்து, ஊர்வலம் விட்டார்கள். கோஷம் போட்டோம். அவனும் போட்டான். வாயில் பொட்டலத்தை ஒதுக்கிக்கொண்டே போட்டான்!

போன வருஷம் அவனைப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். பன்னைப் பிய்த்துப் பிய்த்து, சின்னத் துண்டாக உள்ளே தள்ளினான். வாய் திறக்கவில்லை. நல்ல வாய் என்றால் மூன்று விரலை நெட்டுக்கு வைக்கலாம். அவனுக்கு ஒரு விரல்தான் போகிறது. பாக்கு மெல்லுகிறவர்களுக்கு வாயின் உள்சதை இறுகிப் போகும். சில பேருக்கு அதுவே பின்னால் புற்றுநோயாகவும் மாறும். அவனுக்கு வயது இருபத்து ஐந்துகூட முடியவில்லை.

கிரைம் செய்திக்காக போலீஸ் நிலையங்களில் மணிக்கணக்கில் உட்காருகிறேன். அங்கே பெஞ்சில் தலைகுனிந்து இருக்கிற பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வகுப்பறை ஞாபகம் வருகிறது. 50 பேருக்குத் தெரிந்த ரகசியம் அது!

பையன்களுக்கு ஒரு பதவி

மத்திய அரசு "புகையிலை இல்லாத கல்வி நிலையம்" என்று ஒரு திட்டம் வகுத்து, பள்ளிகளுக்கு ஒன்பது நிபந்தனைகள் சொல்லியிருக்கிறது. வாசலில் போர்டு வைக்க வேண்டும். உள்ளே யாரும் புகைக்கக்கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்த வேண்டும். சுற்றிலும் 100 கெஜ எல்லையை அளந்து அடையாளம் போட வேண்டும். அந்த அடையாளம்தான் சில ஊர்களில் ரோட்டில் நீங்கள் பார்க்கும் மஞ்சள் கோடு.

இதில் பல பேர் கவனிக்காத ஒரு நிபந்தனை உண்டு. பள்ளியில் "புகையிலைக் கண்காணிப்பாளர்" ஒருவரை நியமிக்க வேண்டும். அது வாத்தியாராக இருக்கலாம். ஆபீஸ் ஊழியராக இருக்கலாம். 9-ம் வகுப்புக்கு மேல் படிக்கும் மாணவப் பிரதிநிதியாகவும் இருக்கலாம்!

அதாவது பிரச்சினை யாருடையதோ, அவர்களையே கூட்டாளி ஆக்குங்கள் என்று அரசாங்கமே சொல்கிறது.

இது நடக்கிற காரியமா? சின்னப் பையன்களைக் கேட்டு சமுதாயம் திருந்துமா? நியாயமான கேள்வி. இதைச் செய்து பார்த்த ஊர் ஒன்று உண்டு. அது ரொம்ப தூரத்தில் இருக்கிறது.

புளோரிடா கதை

அமெரிக்காவில் புளோரிடா என்று ஒரு மாநிலம். 1997-ம் ஆண்டு அந்த மாநில அரசு சிகரெட் கம்பெனிகள் மீது போட்ட வழக்கு சமரசம் ஆகி, பெரிய தொகை கைக்கு வந்தது. அதில் ஒரு பகுதியை எடுத்து, "பிள்ளைகள் சிகரெட் தொடாமல் இருக்க என்ன செய்யலாம்?" என்று யோசித்தார்கள்.

அதிகாரிகள் மட்டும் உட்கார்ந்து முடிவு பண்ணவில்லை. 1998-ல் நூற்றுக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளை வரவழைத்து மாநாடு போட்டார்கள். "நீங்களே சொல்லுங்கள்" என்றார்கள்.

பிள்ளைகள் போட்ட பாதை வேறு. சிகரெட் உடம்புக்குக் கெடுதல் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். அதையே திரும்பத் திரும்பச் சொல்வதில் பயனில்லை. தங்களை ஏமாற்றி வியாபாரம் பண்ணுகிறவர்கள் யார் என்பதை ஊருக்குக் காட்ட வேண்டும். அதற்கு "உண்மை" என்றே பெயர் வைத்து பிரசாரம் தொடங்கியது. மாணவர்களுக்கு என்று தனி அமைப்பும் உண்டானது.

பலன்? இரண்டே வருஷத்தில் தெரிந்தது. சிகரெட் பிடிக்கும் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் 1998-ல் 100-க்கு 18.5 பேர். 2000-ல் 11.1 பேர். உயர்நிலைப் பள்ளியில் 27.4 பேராக இருந்தது 22.6 ஆகக் குறைந்தது.

இதே அமெரிக்காவில் இன்னொரு கதையும் உண்டு. 1983-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் போலீஸ் அதிகாரிகளே வகுப்புக்குப் போய் போதைப் பொருள் பற்றிப் பாடம் நடத்தும் திட்டம் தொடங்கியது. நாடு முழுவதும் பரவியது. கோடி கோடியாகச் செலவு. பிறகு கணக்குப் பார்த்தார்கள். பாடம் கேட்ட பிள்ளைகளுக்கும் கேட்காத பிள்ளைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று பல ஆய்வுகள் சொல்லிவிட்டன. 2003-ல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமும் அதையே சொன்னது.

ஒரு இடத்தில் பிள்ளைகள் பேசினார்கள். இன்னொரு இடத்தில் பிள்ளைகள் கைகட்டிக் கேட்டார்கள். வித்தியாசம் அங்கேதான்.

கேட்ட பிறகு கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் புளோரிடாவே சாட்சி. பின்னால் அந்த மாநில சட்டசபை நிதியை வெட்டியது. பிரசாரம் படுத்துவிட்டது.

சென்னையில்

நம் பக்கத்திலும் விதை போட்டிருக்கிறார்கள். கேரளாவில் 2010-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந்தேதி மாணவர் போலீஸ் படை தொடங்கியது. 8, 9-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு காக்கி உடுப்பு, அணிவகுப்பு, சட்டப் பாடம், ஊர்ப்பணி. 2018-ல் இது நாடு முழுவதுக்குமான திட்டம் ஆனது.

சென்னையில் 2022-ம் ஆண்டு செப்டம்பர் 14-ந்தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் "சிற்பி" திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 100 பள்ளிகள். பள்ளிக்கு 50 பேர். 8-ம் வகுப்புப் பிள்ளைகள் மொத்தம் 5 ஆயிரம் பேர். இதற்கு ஒதுக்கிய தொகை 4 கோடியே 25 லட்சம் ரூபாய்.

நல்ல காரியம். ஆனால் உடுப்பு போட்டு வரிசையில் நிற்க வைப்பதோடு நின்றுவிட்டால், என் வகுப்புத் தோழன் அட்டை பிடித்த கதைதான்.

பிள்ளைகளைச் சேர்ப்பதில் எட்டுப் படி உண்டு என்று ரோஜர் ஹார்ட் என்ற அறிஞர் 1992-ல் யுனிசெப் அமைப்புக்காக எழுதினார். கீழ்ப் படிகள் மூன்று. பிள்ளைகளை ஆட்டி வைப்பது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பெயருக்குச் சேர்த்துக்கொள்வது. இந்த மூன்றையும் அவர் பங்கேற்பு என்றே ஒப்புக்கொள்ளவில்லை. பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து முடிவு எடுப்பதுதான் மேல் படி.

நம் ஊர்வலங்கள் எந்தப் படியில் நிற்கின்றன? நீங்களே சொல்லுங்கள்!

ஒற்றன் வேலை வேண்டாம்

இங்கே ஒரு அபாயமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நிருபர் இல்லை.

பையன்களைக் கூட்டாளி ஆக்குவது வேறு. ஒற்றன் ஆக்குவது வேறு.

"யார் விற்கிறான், காட்டுடா" என்று ஒரு பையனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனால் என்ன ஆகும்? விற்கிறவன் அதே தெருவில் இருக்கிறவன். சாயங்காலம் பையன் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். போலீஸ் ஜீப் போய்விடும். பையன் எங்கே போவான்?

ஆகவே மூன்று விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும்.

ஒன்று: கடைக்காரரிடம் பேசுவது, புகார் எழுதுவது எல்லாம் பெரியவர்கள் வேலை. எந்தப் பையன் சொன்னான் என்பது வெளியே வரவே கூடாது.

இரண்டு: போர்டில் கண்காணிப்பாளர் என்று பெயரும் போன் நம்பரும் எழுதினால், அது வாத்தியாருடையதாக இருக்கட்டும். மாணவன் பெயரைத் தெருவில் எழுதி வைக்க வேண்டாம்.

மூன்று: மாட்டிக்கொண்ட பையனை டி.சி. கொடுத்து விரட்டக்கூடாது. விரட்டினால் அவன் நேராகப் போவது அந்தக் கடைக்குத்தான். பழக்கத்தை விட உதவும் இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356. சிறுவர் உதவிக்கு 1098.

வரைபடம்

அப்படியானால் பையன்களுக்கு என்னதான் வேலை? அவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிற வேலை. தீர்வு சொல்கிற வேலை.

எட்டுப் பத்து பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்து, பள்ளியைச் சுற்றி ஒரு வரைபடம் போடட்டும். இருட்டுச் சந்து எது? பெண் பிள்ளைகள் நடக்கப் பயப்படும் இடம் எது? பஸ் வராமல் ஒரு மணி நேரம் சும்மா நிற்கிற இடம் எது? யார் பெயரும் வேண்டாம். இடமும் நேரமும் போதும்.

அந்தப் படத்தை மாதம் ஒரு தடவை மேஜையில் விரித்து வைக்க வேண்டும். தலைமை ஆசிரியர், பெற்றோர், சுகாதார ஆய்வாளர், ஸ்டேஷனிலிருந்து ஒருவர், வியாபாரிகள் சங்கத்திலிருந்து ஒருவர் சுற்றி உட்கார வேண்டும். பிள்ளைகளும் உட்கார வேண்டும். நிற்கக் கூடாது, உட்கார வேண்டும்!

அப்போது வேறு உண்மைகள் வெளியே வரும். 4 மணிக்கு விளையாட்டு மைதானத்தைப் பூட்டி விடுகிறார்கள். அப்பா அம்மா வேலை முடிந்து வர 7 மணி ஆகிறது. நடுவில் மூன்று மணி நேரம். பையன் பெட்டிக்கடையில் நிற்காமல் வேறு எங்கே நிற்பான்? ஒரு பூட்டைத் திறந்தால் ஒரு ரெய்டு மிச்சம்.

ஐஸ்லாந்து நாட்டில் இதைத்தான் செய்தார்கள். பிள்ளைகளிடமே கேள்வித்தாள் கொடுத்து நிலைமையைக் கேட்டார்கள். பள்ளி, பெற்றோர், நகரசபை எல்லோரும் கைகோத்தார்கள். சாயங்காலத்தில் விளையாட்டு, பாட்டு என்று வழி செய்தார்கள். 15, 16 வயதில் மாதத்தில் ஒரு தடவையாவது குடித்து மயங்கியவர்கள் அங்கே 1998-ல் 100-க்கு 42 பேர். 2016-ல் 5 பேர்!

கடைக்காரருக்கு

பெட்டிக்கடை அண்ணாச்சிகளே, உங்களோடு ஒரு வார்த்தை.

ஒரு சின்னக் கடையை நம்பி ஒரு குடும்பமே இருக்கிறது. அது எனக்குத் தெரியும். உங்களை எதிரியாக நிறுத்தி எந்தத் திட்டமும் வெற்றி பெறாது. அதனால்தான் அந்த மேஜையில் உங்களுக்கும் ஒரு நாற்காலி கேட்கிறேன்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். "அப்பா வாங்கிட்டு வரச் சொன்னாரு" என்று பையன் சொல்வது சட்டத்தில் செல்லாது. வாங்கியவனுக்கு 18 வயது ஆகிவிட்டது என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. பார்த்தால் சின்னவன்போல இருக்கிறானா? "போய் அப்பாவை வரச் சொல்லு" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை உங்களையும் காப்பாற்றும், அவனையும் காப்பாற்றும்.

மகனைக் கடைக்கு அனுப்பும் அப்பாக்களே, உங்கள் பீடியை நீங்களே போய் வாங்குங்கள். பஸ் ஸ்டாப்பில் பிள்ளைகள் நடுவே நின்று புகை விடும் ஐயாமார்களே, அதற்கும் 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. அபராதத்தை விடுங்கள். பக்கத்தில் நிற்கிற பையன் உங்களைத்தான் பார்த்துக்கொண்டு இருக்கிறான்.

கோடு அழியும்

ரோட்டில் போடும் மஞ்சள் கோடு ரொம்ப நாள் நிற்காது. ஒரு ஐப்பசி மழை போதும். லாரி சக்கரம் போதும். வருஷா வருஷம் திரும்பப் போட வேண்டும்.

அதைக் காண்டிராக்டர் போட்டால் அது வெறும் பெயிண்ட். அந்தப் பள்ளிப் பிள்ளைகளே கயிறு பிடித்து, 300 அடி அளந்து, பிரஷ் எடுத்துப் போட்டால், தாண்டுகிறவனுக்குக் கொஞ்சம் கூச்சம் வரும். தான் போட்ட கோட்டைத் தானே தாண்ட எந்தப் பையனுக்கும் மனசு வராது.

நாளைக்கும் சாயங்காலம் 4-10-க்கு மணி அடிக்கும். கேட் திறக்கும். இரண்டு பேர் ஒதுங்குவார்கள். எங்கே ஒதுங்குகிறார்கள், ஏன் ஒதுங்குகிறார்கள் என்று அந்த வகுப்பில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

இந்தத் தடவையாவது அவர்களைக் கேட்போமா?